பள்ளிகள் மூடிய மாதங்கள்: பெருந்தொற்றும் மாதவிடாய் நலமும்

கொரோனா பெருந்தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 24 இரவு இந்தியா முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, தடையின்றிக் கிடைக்க வேண்டியவை எவை என்று ஒன்றிய அரசு ஒரு பட்டியலையும் வெளியிட்டது. மளிகை, காய்கறி, பால், இறைச்சி, கால்நடைத் தீவனம் எல்லாம் அதில் இருந்தன. சானிட்டரி நாப்கின் இல்லை. மருந்துக் கடைகள் திறந்துதான் இருந்தன. ஆனால் அங்கே இருந்த சரக்கு தீர்ந்தால் அடுத்த பெட்டி எங்கிருந்து வரும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. மார்ச் 29 அன்று உள்துறைச் செயலாளர் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில்தான் சோப்பு, பற்பசை, டயப்பர் ஆகியவற்றோடு நாப்கினும் அத்தியாவசியப் பொருளாகச் சேர்ந்தது. ஐந்து நாள்தானே என்று தோன்றலாம். நிறுத்திய ஆலையை மறுபடி ஓட்டத் தொழிலாளர் வேண்டும், அவர்கள் வந்துபோக அனுமதிச் சீட்டு வேண்டும், லாரி வேண்டும், மொத்த வியாபாரி கடையைத் திறக்க வேண்டும். கடிதம் போய்ச் சேர்ந்த வேகத்தில் நாப்கின் போய்ச் சேரவில்லை.

அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் வேண்டுமென்றே இதை விட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். உலகில் ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழ 180 கோடிப் பேருக்கு மாதவிடாய் வருகிறது என்று யுனிசெப் கணக்கிடுகிறது. இத்தனை பேரின் தேவை ஒரு நெருக்கடியின் முதல் இரவில் யார் நினைவுக்கும் வராமல் போகும் என்றால், வளரும் நாடுகள் மாதவிடாய் நலத்துக்காக அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் கட்டிய ஏற்பாடுகள் எப்படிப்பட்டவை என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பெருந்தொற்றில் என்ன கெட்டது, எது தாங்கியது, அடுத்த முறைக்கு எதை மாற்ற வேண்டும் என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

முதலில் ஆதாரங்களைப் பற்றி. 2020 மே மாதம் பிளான் இன்டர்நேஷனல் தொண்டு நிறுவனம் முப்பது நாடுகளில் சுகாதாரத் துறையில் பணியாற்றுவோரிடம் கேட்டறிந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏறக்குறைய நான்கில் மூவர், தம் பகுதியில் மாதவிடாய்ப் பொருள்கள் கிடைப்பதில் தட்டுப்பாடு என்றனர். பாதிக்கு மேற்பட்டோர் விலை உயர்வைச் சொன்னார்கள். மதிப்புள்ள ஆவணம்தான். ஆனால் அது பணியாளர்களின் சாட்சியம். ஊரடங்கில் ஆய்வாளர்கள் நேரில் போக முடியாமல் தொலைபேசியிலும் இணையத்திலும் கேட்டார்கள். சொந்தக் கைபேசி இல்லாத பெண்ணும், அப்பாவின் கைபேசியில் அப்பா பக்கத்தில் இருக்கும்போது இதைப் பற்றிப் பேச முடியாத பெண்ணும் அந்தக் கணக்குகளில் இல்லை. மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள்தான் என்பதால், பெருந்தொற்றுக் காலப் புள்ளிவிவரங்களை நான் குறைந்தபட்ச மதிப்பீடுகளாகவே வாசிக்கிறேன்.

இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்விலும் வேறு விதமான இடைவெளிகள் உண்டு. 2015-16இல் சுகாதாரமான முறையைப் பயன்படுத்தும் பெண்கள் 58 சதவீதம். 2019-21இல் 78 சதவீதம். தமிழ்நாட்டில் 98, பிகாரில் 59. முன்னேற்றம் உண்மையானது. ஆனால் இந்த ஆய்வின் களப்பணி பெருந்தொற்றுக்கு முன்பு பாதி, இடையில் நின்று பிறகு மீதி என்று நடந்தது. ஆகவே ஊரடங்கு மாதங்களில் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. அதைவிட முக்கியம், இந்தக் கேள்வி 15 முதல் 24 வயது வரையான பெண்களிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. பதினொரு வயதில் பூப்பெய்தும் சிறுமியும், நாற்பத்தைந்து வயதில் அளவுக்கு மீறிய உதிரப்போக்கோடு நூறு நாள் வேலைக்குப் போகும் தாயும் கணக்கிலேயே வருவதில்லை. திட்டங்களும் இந்தக் கணக்கைப் பின்பற்றியே இளம்பெண்களை நோக்கி அமைந்தன. தாய்மார்கள் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆயிற்று.

இளம்பெண்களைச் சென்றடைய அரசுகள் கண்ட வழி பெரும்பாலும் பள்ளிக்கூடம். தமிழ்நாடு இதில் முன்னோடி. 2011இல் அறிவிக்கப்பட்ட புதுயுகம் திட்டத்தில் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆறு நாப்கின் கொண்ட மூன்று பொட்டலங்கள் விலையின்றி வழங்கப்பட்டன. பள்ளியில் படிப்பவர்களுக்குப் பள்ளி வழியாக, மற்றவர்களுக்கு அங்கன்வாடி, கிராம சுகாதார செவிலியர் வழியாக. அதே ஆண்டு ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தில் ஆஷா எனும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் ஆறு நாப்கின் பொட்டலத்தை ஆறு ரூபாய்க்கு விற்றனர். கென்யா 2017இல் சட்டமே இயற்றியது: அரசுப் பள்ளியில் சேர்ந்து பூப்பெய்திய ஒவ்வொரு மாணவிக்கும் போதிய அளவு நாப்கின் அரசு செலவில் தர வேண்டும்.

புதுயுகத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்குப் பதினெட்டு என்றால் ஒரு மாதத்துக்கு ஒன்பது. ஐந்து நாள் உதிரப்போக்கில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் இருபது தேவை. அதாவது, எல்லாம் ஒழுங்காக நடந்த நாளிலும் தேவையில் பாதிதான் கிடைத்தது. மீதியைத் துணியோ கடையோ ஈடுகட்டியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது பல வீடுகளில் அந்தப் பாதியும் நின்றது. கூடவே பள்ளியில் வாராவாரம் கொடுத்துவந்த இரும்புச்சத்து மாத்திரையும் தடைப்பட்டது. 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை உள்ள நாட்டில் இது சிறிய இழப்பாகாது. உடன் படிக்கும் தோழியிடம் வயிற்றுவலியைப் பற்றிப் பேசுவதும், ஆசிரியையிடம் சொல்லிவிட்டு ஓய்வறையில் படுப்பதும் எந்தத் திட்ட ஆவணத்திலும் இல்லாத உதவிகள். பள்ளியோடு அவையும் போயின.

கென்யாவில் நடந்தது இன்னும் கடுமையானது. மேற்குக் கென்யாவின் கிராமப்புறங்களில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு, பதினைந்து வயதுச் சிறுமிகளில் பத்தில் ஒருவர் நாப்கினுக்கான பணத்துக்காகப் பாலுறவுக்கு உடன்பட நேர்ந்ததாகப் பதிவு செய்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பள்ளிகள் மூடினால் என்ன ஆகும்? அதே வட்டாரத்தில் உயர்நிலை மாணவிகளைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வாளர்கள் 2022இல் பதில் தந்தார்கள்: ஆறு மாதம் பள்ளிக்கு வெளியே இருந்த மாணவிகள், பெருந்தொற்றுக்கு முன் படித்து முடித்தவர்களைவிட இருமடங்கு அதிகமாகக் கருவுற்றனர், படிப்பை விட்டவர்கள் மும்மடங்கு. நாப்கின் நின்றது ஒன்றே இதற்குக் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. பசி, வேலையின்மை, தனிமை, வீட்டு வன்முறை எல்லாம் சேர்ந்தவை. ஆனால் பள்ளி கொடுத்துவந்த பாதுகாப்பு எத்தனை இழைகளால் ஆனது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

இது முன்கூட்டித் தெரியாத ஆபத்தும் இல்லை. எபோலா பரவியபோது சியேரா லியோனில் பள்ளிகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கான சிறுமிகள் கருவுற்றனர். 2015இல் பள்ளிகள் மறுபடி திறந்தபோது அந்நாட்டு அரசு கருவுற்ற மாணவிகள் வகுப்புக்கு வரவே தடை விதித்தது. அந்தத் தடை நீங்கியது 2020 மார்ச் இறுதியில், அடுத்த பெருந்தொற்றுக்காக உலகமே பள்ளிகளை மூடிக்கொண்டிருந்த அதே வாரத்தில். ஐந்தாண்டுப் பாடம் கையில் இருந்தும் பள்ளியை மட்டுமே நம்பிய ஏற்பாடுகள் அப்படியே தொடர்ந்தன என்பது என்னை இன்றும் கோபப்படுத்துகிறது.

இந்த இடத்தில் ஒரு வாதத்தைச் சரிபார்க்க வேண்டும். மாதவிடாயால் பெண்கள் பள்ளியை விடுகிறார்கள், நாப்கின் கொடுத்தால் வருகை உயரும் என்பது நன்கொடையாளர்களுக்குப் பிடித்த வாதம். நேபாளத்தின் சித்வன் மாவட்டத்தில் ஆஸ்டர், தார்ன்டன் என்ற இரு பொருளியலாளர்கள் மாதவிடாய்க் கோப்பை கொடுத்து அளந்தபோது வருகையில் மாற்றமே தெரியவில்லை. மாதவிடாயால் அந்த மாணவிகள் இழந்தது ஆண்டுக்கு அரை நாளுக்கும் குறைவு. இந்த முடிவை எல்லா நாட்டுக்கும் பொருத்த முடியாதுதான். ஆனாலும் பள்ளி வருகையை வைத்தே இந்தச் செலவை நியாயப்படுத்தினால், பள்ளி மூடியதும் நியாயமும் மூடிவிடுகிறது. கறை படும் பயமின்றி உட்கார்ந்து எழ ஒரு பெண்ணுக்கு உரிமை இருக்கிறது. அவள் மாணவியா, கல் உடைப்பவளா, படுக்கையில் கிடப்பவளா என்பது இரண்டாம் கேள்வி.

பள்ளி இல்லையென்றால் கடை. அங்கே மூன்று பக்கமிருந்தும் நெருக்கடி வந்தது. நாப்கினின் மேலுறையும் முகக்கவசமும் ஒரே வகையான நெய்யாத் துணியால் ஆனவை. உலகமே முகக்கவசம் தைக்கத் தொடங்கியபோது அந்தத் துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. உள்ளே வைக்கும் மரக்கூழ் பெரும்பாலும் இறக்குமதி. பெரிய நிறுவனங்கள் இருப்பு வைத்துச் சமாளித்தன. கோவையின் முருகானந்தம் உருவாக்கிய எளிய நாப்கின் தயாரிப்பு இயந்திரம் காட்டிய வழியில் ஊர் ஊராக உருவான மகளிர் குழுத் தொழிற்கூடங்களால் முடியவில்லை. பல குழுக்கள் முகக்கவசத்துக்கு மாறின. 2020 ஏப்ரல் முற்பகுதிக்குள் 27 மாநிலங்களின் இருபதாயிரம் சுயஉதவிக் குழுக்கள் 1.9 கோடிக்கு மேல் முகக்கவசம் தைத்துக் கொடுத்ததாக உலக வங்கி பதிவு செய்தது. நாடு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. அதே தையல் இயந்திரங்களில் துணி நாப்கினும் தைக்கச் சொல்லி ஓர் அரசாணை வந்திருந்தால் அதையும் செய்திருப்பார்கள்.

வாங்கப் பணமும் இல்லை. ஜன்தன் வங்கிக் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு ஒன்றிய அரசு மூன்று மாதம் மாதா மாதம் 500 ரூபாய் போட்டது. அரிசி, எண்ணெய், குழந்தைக்குப் பால், கைபேசிக்கு ரீசார்ஜ் என்று பிரித்தபின் இரண்டு மகள்களுக்கும் தனக்கும் நாப்கின் வாங்க ஒரு தாய்க்கு என்ன மிஞ்சும்? ஒன்றிய அரசின் மக்கள் மருந்தகங்களில் ஒரு ரூபாய்க்கு ஒரு நாப்கின் கிடைத்தது. அதைப் பிரதமர் 2020 சுதந்திர தின உரையில் குறிப்பிட்டார். செங்கோட்டையிலிருந்து அந்தச் சொல் ஒலித்ததை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அன்று நாட்டில் அத்தகைய மருந்தகங்கள் ஏறத்தாழ ஆறாயிரம். கிராமங்கள் ஆறு லட்சத்துக்கு மேல். பேருந்து ஓடாத மாதங்களில் ஒரு ரூபாய் நாப்கினை வாங்க நகரத்துக்கு எப்படிப் போவது?

வரிக்குறைப்பு பற்றி நிறையப் பேசப்படுகிறது. கென்யா 2004இலேயே நாப்கின் மீதான மதிப்புக்கூட்டு வரியை நீக்கியது. இந்தியா 12 சதவீத ஜிஎஸ்டியை 2018 ஜூலையில் கைவிட்டது. நல்ல முடிவுகள். எனினும் இந்தியாவில் விற்பனை வரி போனதும், மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வாய்ப்பும் தயாரிப்பாளருக்குப் போனது. சிறு தொழிற்கூடங்களுக்கு அது சுமை. இலங்கையில் இறக்குமதி நாப்கின் மீதான மொத்த வரி 2018 வரை நூறு சதவீதத்தைத் தாண்டியிருந்தது, அந்த ஆண்டு 63 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. பெருந்தொற்றைத் தொடர்ந்து 2022இல் பொருளாதாரமே சரிந்தபோது விலைகள் எகிறின. மலையகத் தோட்டங்களில் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கடை நாப்கின் இன்னும் எட்டாததாயிற்று. வரியை முழுதாக எடுத்தாலும், கூலியே இல்லாதவளுக்கு விலை விலைதான்.

ஆக, கோடிக்கணக்கான பெண்கள் துணிக்குத் திரும்பினார்கள். பலர் அதை விட்டதே இல்லை: 2019-21 ஆய்விலேயே பாதிப் பெண்கள் துணியும் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். துணி என்றாலே அழுக்கு, நோய் என்று இருபதாண்டு விளம்பரங்களும் விழிப்புணர்வு வகுப்புகளும் சொல்லிச் சொல்லி, துணியைச் சரியாகப் பயன்படுத்தும் அறிவைத் துடைத்தெறிந்துவிட்டன. இந்தத் துறை செய்த பிழைகளில் மிகப் பெரியது இதுவென்று கருதுகிறேன். நெருக்கடியில் எந்த ஆலையையும் நம்பாமல் வீட்டிலேயே இருக்கும் ஒரே பொருள் பருத்தித் துணிதான். நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து, சுத்தமான இடத்தில் மடித்து வைத்தால் அது பாதுகாப்பானது.

சிக்கல் அந்த வெயிலில்தான். ஒடிசாவில் புவனேஸ்வர், ரூர்கேலா மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகள், துணி பயன்படுத்தும் பெண்களிடம் பிறப்புறுப்பு, சிறுநீர்த் தொற்றுகள் அதிகம் என்று கண்டன. இன்னும் நுணுகிப் பார்த்தபோது, துணியை வீட்டுக்குள் உலர்த்துவதற்கும் கழிப்பறையில் வைத்துக்கொள்வதற்கும் பூஞ்சைத் தொற்றோடு தொடர்பு இருப்பது தெரிந்தது. அதாவது குற்றம் துணியில் இல்லை; அதை ஒளித்து வைக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது. ஊரடங்கில் இந்தக் கட்டாயம் பன்மடங்கானது. ஒரே அறை வீட்டில் அப்பா, அண்ணன், சித்தப்பா என்று எல்லா ஆண்களும் நாள் முழுக்க இருக்கிறார்கள். காலையில் அவர்கள் வேலைக்குப் போனபின் துவைத்துக் கொடியில் போட்டு, மாலை திரும்புவதற்குள் எடுத்து மடித்த பெண்களுக்கு அந்த நேரமே இல்லாமல் போயிற்று. சேலைக்கு அடியிலும் கட்டிலுக்குக் கீழேயும் ஈரம் காயாத துணிகள். வங்கதேசத்தின் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் காலங்காலமாக வெட்டுத் துணிக் கழிவைப் பயன்படுத்திவந்தார்கள். ஆணைகள் ரத்தாகி ஆலைகள் மூடியபோது கூலியோடு அந்தக் கழிவும் போயிற்று.

இதற்குத் தீர்வு காண வெளியே தேட வேண்டாம். ஆரோவில்லின் எகோஃபெம் 2010 முதல் துணி நாப்கின்களைத் தைத்து, பயன்பாட்டையும் சேர்த்தே கற்றுத் தருகிறது. டெல்லியின் கூஞ்ச் அமைப்பு பழைய பருத்தித் துணியைச் சுத்தம் செய்து நாப்கினாக்கிப் பேரிடர்ப் பகுதிகளுக்கு அனுப்பிப் பழகியது. கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019இல் ஐயாயிரம் மாதவிடாய்க் கோப்பைகளை வழங்கியது. எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. ஒரு கோப்பை பத்தாண்டு வரை உழைக்கும். ஊரடங்கு வந்தால் கடையைத் தேட வேண்டியதில்லை. ஆனால் கோப்பையைக் கொதிக்க வைக்கத் தனியே ஒரு பாத்திரமும், யாரும் எட்டிப்பார்க்காத பத்து நிமிடமும் வேண்டும். எந்தப் பொருளும் எல்லாருக்கும் பொருந்தாது. பெண்ணே தேர்ந்தெடுக்கும்படி கடை நாப்கின், துணி, கோப்பை மூன்றையும் எட்டும் தூரத்தில் வைப்பதே அரசின் வேலை.

எதைத் தேர்ந்தாலும் தண்ணீரும் மறைவான இடமும் வேண்டும். கை கழுவுங்கள் என்று உலகம் முழங்கிக்கொண்டிருந்தபோது, ஐந்தில் இருவருக்கு வீட்டில் சோப்பும் தண்ணீரும் கொண்ட கைகழுவும் வசதி இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் அப்போது வைத்திருந்த கணக்கு. கொல்லைப்புறமும் கம்மாய்க்கரையுமே மறைவிடமாக இருந்த ஊர்களில் காவல்துறை ரோந்து சுற்றியது. சொந்த ஊர் நோக்கி நெடுஞ்சாலைகளில் நடந்த புலம்பெயர் தொழிலாளர்களில் பெண்களும் இருந்தார்கள். பள்ளிக் கட்டடங்களில் அமைந்த தனிமைப்படுத்தும் முகாம்களில் ஒரே கழிப்பறைக்கு ஆணும் பெண்ணும் வரிசையில் நின்றார்கள். பேரிடரும் மாதவிடாய்த் தீட்டு வழக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2018 நவம்பரிலேயே கண்டிருந்தது. கஜா புயல் இரவில், தஞ்சை மாவட்டத்தில் பூப்பெய்தியதற்காக வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைக்கப்பட்ட சிறுமி, மரம் விழுந்து இறந்தாள். புயல் எச்சரிக்கை எல்லார் காதிலும் விழுந்திருந்தது. ஆனாலும் அவளை உள்ளே அழைக்க வழக்கம் இடம் தரவில்லை.

நோயாளிகளைக் காத்தவர்களின் நிலையும் இதில் சேர்ந்ததே. உலக சுகாதாரப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள். கவச உடையை ஒருமுறை அணிந்தால் பணி முடியும்வரை கழற்ற முடியாது. கழற்றினால் இன்னொரு உடை வேண்டும், அது இல்லை. மாதவிடாய் நாளில் ஆறு, எட்டு மணி நேரம் மாற்றாமல் நின்ற செவிலியர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். சீனாவில் 2020 பிப்ரவரியில் ஜியாங் ஜின்ஜிங் என்ற இளம்பெண் ஹூபெய் மாகாண மருத்துவமனைப் பெண்களுக்கு நாப்கினும் உள்ளாடையும் சேர்த்து அனுப்ப இணையத்தில் இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. இந்தியாவில் பத்து லட்சம் ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகத் தொற்றுக் கணக்கெடுத்தார்கள். அவர்கள்தான் நாப்கினும் விநியோகிக்க வேண்டியவர்கள். விற்ற பொட்டலத்துக்கு ஒரு ரூபாய் ஊக்கத்தொகை. தலைச்சுமையாகப் பெட்டியைத் தூக்கிப்போய் ஐம்பது பொட்டலம் விற்றால் ஐம்பது ரூபாய். திட்டத்தின் முதுகெலும்பு என்று புகழப்படுபவர்களுக்கு இந்தத் தொகையை நிர்ணயித்தவர்கள், அந்தத் திட்டம் ஏன் தடையின்றி ஓடவில்லை என்று வியக்க முடியாது.

அடுத்து அறியாமை. 2021 ஏப்ரலில், மாதவிடாய்க்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் தடுப்பூசி போடக் கூடாது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது, அரசு மறுத்தது. ஆனால் தடுப்பூசியால் சுழற்சி மாறுகிறதா என்று பெண்கள் கேட்டபோது மருத்துவர்களிடம் பதில் இல்லை. காரணம் எளிது: தடுப்பூசிச் சோதனைகளில் சுழற்சி மாற்றம் பற்றிய கேள்வியே இடம்பெறவில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் ஏறக்குறைய நாலாயிரம் பேரின் சுழற்சிகளை ஒப்பிட்ட ஆய்வுதான், மாற்றம் ஒரு நாளுக்கும் குறைவு, தற்காலிகமானது என்று தெளிவாக்கியது. முன்பே கேட்டிருந்தால் வதந்திக்கு அத்தனை இடம் கிடைத்திருக்காது.

கழிவையும் விட்டுவிட முடியாது. பயன்படுத்திய முகக்கவசத்தை 72 மணி நேரம் தனியே வைத்திருந்து, வெட்டிப் போட வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சில மாதங்களில் விதி செய்தது. நாப்கினைச் சுற்றி வீசும் உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்ற விதி 2016இலிருந்து இருக்கிறது. ஆனாலும் தூய்மைப் பணியாளர் இன்றும் பெரும்பாலும் வெறுங்கையால் பயன்படுத்திய நாப்கினைப் பிரித்தெடுக்கிறார்.

பெருந்தொற்றுக்குப் பின் சில நல்ல நகர்வுகள் நடந்தன. 2021இல் ஆந்திரம் ஏழாம் வகுப்பு முதல் மாணவிகளுக்கு மாதம் பத்து நாப்கின் தரத் தொடங்கியது. அதே ஆண்டு ராஜஸ்தான் அங்கன்வாடி வழியாகப் படிக்காத பெண்களையும் சேர்த்துக்கொண்டது. இரண்டாவது வழி எனக்கு நம்பிக்கை தருகிறது. பள்ளிக்கு வெளியே அப்படி இன்னொரு வழியும் உண்டு: நம் ஊர்களில் ஊரடங்கிலும் மூடாத அரசு வாசல்களில் ஒன்று ரேஷன் கடை. குடும்ப அட்டையில் வீட்டிலுள்ள பெண்களின் எண்ணிக்கையும் வயதும் ஏற்கெனவே இருக்கின்றன. அரிசியோடு, கேட்டவர்களுக்கு நாப்கினோ துணி நாப்கினோ, கூடவே ஒரு துவைக்கும் சோப்பும் தருவதற்குப் புதிய துறை தேவையில்லை. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தின் நிவாரணப் பட்டியலில் அதை இன்றே எழுதி வைக்கலாம். மகளிர் குழுக்களிடம் ஆண்டு முழுவதும் கொள்முதல் செய்தால் நெருக்கடியில் அவர்களின் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 10 அன்று, மாதவிடாய் நலத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே சீரான கொள்கை வகுக்கச் சொன்னது. 2024இல் கொள்கை தயாராகிவிட்டதாக ஒன்றிய அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. அது பள்ளி செல்லும் மாணவிகளுக்கான கொள்கை.